அமலும் மாமூலும்

சுபுஹுத் தொழுகையை முடித்துக்கொண்டு மேடவாக்கம் பெருஞ்சாலை ஓரமாகச் சிறிது தூரம் நடந்து வருவது, கோவிலம்பாக்கத்தில் குடியேறிய நாள் முதலாக என் வழக்கம். ஒரு காலத்தில் ஏரிப் பாசனமும் வயல்வெளியுமாக இருந்த இவ்வூர், இன்று அடுக்குமாடி வீடுகளும், பல்லாவரத்தையும் துரைப்பாக்கத்தையும் இணைக்கும் 200 அடிச் சாலையின் ஓயாத இரைச்சலும், மெட்ரோ ரயிலுக்காக எழுந்த தூண்களுமாக உருமாறி நிற்கிறது. நெல்லையிலிருந்து வந்தவரும், இராமநாதபுரத்துக் கடற்கரையிலிருந்து வந்தவரும், வடசென்னையிலிருந்து இடம்பெயர்ந்தவரும் ஒரே தேநீர்க் கடையின் முன்னால் நின்றுகொண்டு தத்தம் தமிழைப் பேசுகிறார்கள். மொழியில் ஆர்வமுடையவனுக்கு அந்தக் கடை ஒரு பல்கலைக்கழகம்.

அண்மையில் ஒரு நாள், சரக்கு ஆட்டோ ஓட்டுநர் இருவர் அங்கே உரையாடிக்கொண்டிருந்தனர். "நாஸ்தா துன்னியா?" என்றார் ஒருவர். "எங்க துன்றது! காலீலேர்ந்து ஒரே பேஜாரு. ரோடு பூரா கலீஜு. இதுல மாமூல் வேற" என்றார் மற்றவர். என்னுடன் நடந்து வந்த நண்பர் முகம் சுளித்தார். அவர் கீழக்கரைப் பகுதியைச் சேர்ந்தவர். பள்ளியொன்றில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். "பார்த்தீர்களா காக்கா, தமிழை என்ன பாடு படுத்துகிறார்கள்! இதையும் ஒரு மொழியென்று சினிமாவில் வேறு பேசிக் காட்டுகிறார்கள்" என்று வருந்தினார்.

"அவர்கள் பேசியதில் தமிழல்லாத சொற்கள் எவை?" என்று கேட்டேன்.

"நாஸ்தா, பேஜார், கலீஜ், மாமூல். நான்கும்தான்."

"அவை எங்கிருந்து வந்த சொற்கள்?"

நண்பர் சற்று நின்றார். பிறகு மெல்லச் சிரித்துக்கொண்டே, "நம் பக்கத்திலிருந்துதான்" என்றார்.

அந்தச் சிரிப்பே இக்கட்டுரைக்குக் காரணம். தெருமொழியை இகழ்வோர் பலர். அதனைக் கொண்டாடுவோரும் உளர். ஆனால், ஒரு சொல் ஏன் தேய்கிறது, எவ்வாறு தன் பொருளை இழந்து வேறு பொருளைப் பூணுகிறது, அதற்குப் பொறுப்பு யாருடையது என்ற வினாக்களை இரு சாராரும் கேட்பதில்லை. அவற்றைக் கேட்டுப் பார்ப்பது நலம்.

பசியாறலும் நாஸ்தாவும்

முதலில் ஒரு வேடிக்கையைக் காண்போம். காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர் ஆகிய ஊர்களின் முஸ்லிம் இல்லங்களில் காலை உணவுக்குப் 'பசியாறல்' என்று பெயர். விருந்தினரைக் கண்டதும் "பசியாறிவிட்டீர்களா?" என்றுதான் கேட்பார்கள். நமாஸ் என்னாமல் 'தொழுகை' என்றும், ரோஸா என்னாமல் 'நோன்பு' என்றும், மஸ்ஜிதைப் 'பள்ளிவாசல்' என்றும், குழம்பை 'ஆணம்' என்றும் சொல்லும் மரபு அது. சமயத்தால் அரபியோடு உறவு பூண்ட மக்கள், அன்றாட வாழ்வின் மிக நெருக்கமான சொற்களைத் தூய தமிழிலேயே வைத்துக்கொண்டனர். ஆனால், பாரசீகத்தோடும் உருதுவோடும் எந்த உறவும் இல்லாத சென்னைத் தொழிலாளியோ 'நாஸ்தா' என்கிறார்!

நாஷ்தா என்ற பாரசீகச் சொல்லுக்கு 'விடிந்தது முதல் ஒன்றும் உண்ணாத வெறும் வயிறு' என்பதே முதற்பொருள். உருதுவில் அது அந்த வெறும் வயிற்றை நிரப்பும் உணவுக்கு ஆகி, தக்காணத்து உருதுவின் வழியே சென்னைக்கு வந்து சேர்ந்தது. பசியைச் சொல்லிப் பசி தீர்க்கும் உணவைக் குறிக்கும் உத்தி பசியாறலிலும் உண்டு, நாஸ்தாவிலும் உண்டு. இரு சொற்களும் உடன்பிறந்தவை போல் நிற்கின்றன. ஒன்றைப் பண்பட்ட சொல்லென்றும் மற்றதைக் கொச்சையென்றும் பிரிப்பது எந்த அளவுகோலால்?

இச்சொற்கள் வந்த வழி தெளிவானது. ஆற்காட்டு நவாப் முஹம்மது அலி வாலாஜா 1768இல் சேப்பாக்கத்தில் தம் மாளிகையை எழுப்பியபோது, அவருடைய படையினரும் பணியாளரும் வணிகரும் திருவல்லிக்கேணியையும் சுற்றுப்புறத்தையும் நிரப்பினர். 1801இல் கர்நாடக ஆட்சி ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. 1855இல் நவாப் பட்டமும் முடிவுற்றது. அரசு போயிற்று, சொல் போகவில்லை. கிழக்கிந்தியக் கம்பெனியும் முகலாயர் வகுத்த வருவாய்த்துறைச் சொற்களையே எடுத்தாண்டது. 1837இல் பாரசீகம் கம்பெனியின் அலுவல் மொழி என்ற தகுதியை இழந்த பின்னரும் ஜில்லா, தாலுகா, தாசில்தார், வக்கீல், ஜப்தி, ரத்து ஆகியவை நம்மை விட்டு அகலவில்லை. அரண்மனை வாயிலிலும் கச்சேரித் திண்ணையிலும் கேட்ட சொற்களைக் குதிரைலாயத்துப் பணியாளரும், வண்டியோட்டியும், கூலியாளும் தம் வாய்க்கு ஏற்றபடி ஆக்கிக்கொண்டனர். தெலுங்கின் 'நைனா'வும் டச்சுக்காரரின் செப்புக்காசிலிருந்து வந்த 'துட்டு'ம் அவர்களிடம் சேர்ந்தன. சென்னைத் தெருமொழி பிறந்தது இவ்வாறுதான். அது சோம்பேறிகளின் மொழியன்று. உழைத்தவர்கள் தம்மைச் சூழ்ந்திருந்த ஐந்தாறு மொழிகளைக் காதால் கேட்டே கட்டிய மொழி.

சில சொற்களின் பயணம்

வந்த சொற்கள் வந்தபடியே இருந்தனவா? இல்லை. ஒவ்வொன்றும் வழியில் உருமாறிற்று.

'கலீஜ்' என்பதை எடுத்துக்கொள்வோம். அரபியில் 'ஃகலீள்' என்றால் தடித்தது, உறுதியானது, முரடானது என்று பொருள். திருக்குர்ஆனின் 4ஆம் அத்தியாயத்தில் (அந்நிஸா, 21ஆம் வசனம்) திருமண உடன்படிக்கையின் உறுதியைக் குறிக்க ஆளப்பட்டிருப்பது இச்சொல்லே. அதே சொல் உருதுவுக்கு வந்தபோது, தடித்தது என்ற பொருள் அழுக்கு என்றாயிற்று. சென்னையை அடைந்ததும் சாக்கடைக்குப் பெயராயிற்று. மணவுறவின் உறுதியைச் சொன்ன சொல் கால்வாய்க் கழிவைச் சொல்லும் நிலைக்கு இறங்கியதைக் காணும்போது மனம் திடுக்கிடுகிறது. இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. வளைகுடாவுக்கு அரபியில் 'ஃகலீஜ்' என்று பெயர். அது வேறு சொல், வேறு வேர். ஆயினும் தமிழெழுத்தில் இரண்டும் ஒன்றாகி விடுகின்றன. துபாயில் வெளியாகும் 'கலீஜ் டைம்ஸ்' நாளிதழின் பெயரைச் சொன்னால் சென்னைச் சிறுவன் சிரிப்பான். அந்தக் கலீஜுக்குப் போய் வெயிலில் உழைத்து அனுப்பப்பட்ட பணத்தில்தான், தாம்பரத்துக்கும் மேடவாக்கத்துக்கும் இடையில் எத்தனையோ வீடுகள் எழுந்திருக்கின்றன என்பது அவனுக்குத் தெரியாது.

'தவுலத்' இன்னொன்று. அரபியில் தவ்லத் என்பதற்கு மாறி மாறி வருதல், சுழற்சி என்பது அடிப்படை. ஆட்சி ஒருவரிடமிருந்து ஒருவருக்கு மாறுவதால் அது அரசைக் குறித்தது. பின்னர் உருதுவில் செல்வத்தைக் குறித்தது. சென்னையில் "ரொம்ப தவுலத்தா இருக்கான்" என்றால், செல்வம் இருக்கிறதோ இல்லையோ, ஆடம்பரமும் இறுமாப்பும் இருக்கின்றன என்று பொருள். நிலையாது சுழல்வது என்ற நினைவூட்டலோடு பிறந்த சொல், நிலைத்துவிட்டதாக எண்ணி நிமிர்ந்து நடப்பவனுக்குப் பட்டமாகிவிட்டது.

'தமாஷ்' என்பது அரபியில் சேர்ந்து நடத்தலைக் குறித்த சொல்லிலிருந்து தோன்றி, பாரசீகத்தில் உலாவும் காட்சியுமாகி, மராத்தியில் 'தமாஷா' என்ற நாட்டுப்புறக் கூத்தாகி, தமிழில் நகைச்சுவையாயிற்று. 'ஆசாமி' அரபியில் 'பெயர்கள்' என்ற பன்மைச்சொல். வருவாய்க் கணக்கில் பெயர் பதிவான குடியானவரை அது குறித்தது. இன்றோ பெயர் சொல்லத் தகாதவனை ஆசாமி என்கிறோம்! 'சுமார்' பாரசீகத்தில் எண்ணிக்கை, தமிழில் ஏறத்தாழ, இப்போது, "படம் சுமார்" என்றால் அவ்வளவு நன்றாக இல்லை என்று பொருள். எண்ணிச் சொல்வதற்கு ஏற்பட்ட சொல், எண்ணாமல் சொல்வதற்கு ஆகி, இறுதியில் மதிப்புக் குறைவானதற்கு ஆயிற்று.

நம் இலக்கியத்தோடு தொடர்புடைய ஒரு சான்றும் உண்டு. 1572இல் வண்ணப் பரிமளப் புலவர் மதுரையில் அரங்கேற்றிய 'ஆயிரம் மசலா'வைத் தமிழ் முஸ்லிம்கள் அறிவர். மசலா என்றால் வினா. கேள்வியும் விடையுமாக அமைந்த அந்நூலினால் மசலா என்பது தமிழில் ஓர் இலக்கிய வகைக்கே பெயராயிற்று. அதே வேரிலிருந்து பிறந்த மற்றொரு சொல் 'சுஆல்'. அதற்கும் வினா என்பதே பொருள். அதுதான் உருதுவில் சவாலாகி, தமிழுக்கு வந்து, அறைகூவலாயிற்று. ஒரு வேரின் இரு கிளைகள். புலவர் கையில் வளர்ந்தது அறிவதற்காகக் கேட்கும் வினாவாகவே நின்றது. தெருவில் வளர்ந்தது "முடிந்தால் செய்து பார்" என்று மார்தட்டும் சவாலாகிவிட்டது. கேள்வி கேட்பவரையெல்லாம் எதிரியாகப் பார்க்கும் நம் இயல்புக்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இம்மாற்றம் அரபிக்கும் பாரசீகத்துக்கும் மட்டும் நேர்ந்ததன்று. 'நாற்றம்' முன்னாளில் நறுமணத்தையும் குறித்தது என்பதைப் பள்ளி மாணவரும் அறிவர். வடமொழியில் 'பிரமாதம்' என்றால் கவனக்குறைவு, பிழை. தமிழில் அது பெரும் பாராட்டு. ஆங்கிலத்து 'நைஸ்' என்பது அறியாதவன் எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லின் வழி வந்தது; ஆங்கிலத்தில் இனிமையாயிற்று; தமிழுக்கு வந்ததும் "நைஸாக நழுவினான்" என்று கள்ளத்தனத்தைக் குறித்தது. ஆகவே, பொருள் மாறுவது மொழியின் நோயன்று, அதன் உயிர்ப்பு. கண்டிக்க வேண்டியது மாற்றத்தையன்று. எந்தத் திசையில், எக்காரணத்தால் மாறுகிறது என்பதையே கருத வேண்டும்.

திரையும் ஏடும்

தெருமொழியை நாடறியச் செய்தது திரைப்படம். ஜே. பி. சந்திரபாபு அதற்குப் புகழ் தேடித் தந்தார். 1972இல் வெளியான 'காசேதான் கடவுளடா' படத்தில், போலிச் சாமியாராக வரும் தேங்காய் சீனிவாசன் சென்னைத் தமிழ் பேசியதை இன்றும் மக்கள் நினைத்துச் சிரிக்கின்றனர். லூஸ் மோகன் அம்மொழியையே தம் முத்திரையாக்கிக் கொண்டார். இவர்களுடைய திறமையை யாரும் மறுக்க முடியாது. ஆனால், ஒன்றைக் கூறத்தான் வேண்டும். பல்லாண்டுகளாக நம் திரையில் அம்மொழியைப் பேசியவன் கோமாளியாகவோ அடியாளாகவோ இருந்தான். காதலிப்பவனும் கண்ணீர் விடுபவனும் நியாயம் பேசுபவனும் வேறு தமிழ் பேசினார்கள். ஒரு மக்கள் கூட்டத்தின் மொழியைச் சிரிப்புக்கு மட்டுமே வைத்துக்கொண்டால், அச்சொற்கள் சிரிப்புக்குரியனவாகவே சுருங்கிவிடும். பேஜார் என்ற சொல்லில் இருக்கும் சலிப்பு உண்மையானது. பாரசீகத்தில் அதற்கு வெறுத்துப் போதல் என்று பொருள். அதைக் கேட்டவுடன் நமக்கு அந்த மனிதனின் சலிப்புத் தோன்றுவதில்லை. ஒரு நகைச்சுவை நடிகரின் முகம்தான் தோன்றுகிறது. இது சொல்லுக்குச் செய்த அநீதி மட்டுமன்று.

இதற்கு மாறாக, அதே 1972இல் ஜெயகாந்தன் 'சினிமாவுக்குப் போன சித்தாளு' என்ற குறுநாவலை எழுதினார். ரிக்‌ஷாத் தொழிலாளியின் மனைவியான ஒரு சித்தாளின் வாழ்வு திரைமயக்கத்தால் சிதைவதைக் கூறும் அக்கதையில், அதே சென்னைத் தமிழ் வருகிறது. ஆயினும் சிரிப்பு வருவதில்லை; துயரம் வருகிறது. சொற்கள் அவைதாம், எழுதியவரின் மதிப்பு வேறு. இவ்வாறே தோப்பில் முஹம்மது மீரான் 1988இல் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை'யை நூலாக வெளியிட்டபோது, தேங்காப்பட்டணத்து முஸ்லிம்களின் பேச்சுமொழி தமிழ் நாவலில் தலைநிமிர்ந்து நடந்தது. அதுவரை அம்மொழியைக் கேலிக்குரியதென்று எண்ணியிருந்தவர்கள், அதில் ஓர் ஊரின் அச்சமும் அறியாமையும் ஆண்மையும் பேசக் கண்டனர். வட்டாரச் சொல்லை இழிவாக்குவதும் உயர்வாக்குவதும் அதைக் கையாள்பவர் உள்ளத்தில் இருக்கிறது என்பதற்கு இவ்விரு நூல்களும் போதும்.

மிகையால் வந்த வறுமை

இனி, இன்றைய இளைஞரின் பேச்சுக்கு வருவோம். மிகுதியைக் குறிக்கத் தொல்காப்பியர் உறு, தவ, நனி என்ற மூன்று உரிச்சொற்களைச் சொன்னார். நன்னூலார் சால, கூர், கழி என்பவற்றையும் சேர்த்து ஆறாக்கினார். இன்று பேச்சில் இவற்றுள் ஒன்றேனும் உண்டா? எல்லாம் தேய்ந்து போயின. 'நிரம்ப' என்பது 'ரொம்ப' ஆயிற்று. ரொம்பவும் போதாமல் 'பயங்கரமாக' வந்தது. அதுவும் போதாமல் சூப்பர், செம, மாஸ் என்று வளர்ந்து, இப்போது 'வேற லெவல்' என்ற இடத்தில் வந்து நிற்கிறது. பிரியாணியும் வேற லெவல். பாட்டும் வேற லெவல். செருப்பும் வேற லெவல். எல்லாமே வேறு மட்டத்தில் இருந்தால், இந்த மட்டத்தில் இருப்பது எது?

காசை மிகுதியாக அச்சடித்தால் அதன் மதிப்புக் குறையும் என்பது பொருளியல். சொல்லுக்கும் அதுவே விதி. காசுக்கும் நேர்மைக்கும் 'நாணயம்' என்ற ஒரே பெயரைத் தமிழர் வைத்தது பொருத்தமே. நாணயமில்லாமல் செலவிடும் சொல், நாணயமாகச் செல்லாது.

இது வெறும் இலக்கணக் கவலையன்று. 2015 டிசம்பர் முதல் நாள் பெய்த மழையை இப்பகுதியில் வாழ்ந்தவர்கள் மறக்கமாட்டார்கள். மறுநாள் காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. ஏரிகள் உடைத்துக்கொண்டன, வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது, மொட்டை மாடிகளில் மக்கள் உணவுக்காகக் காத்திருந்தனர். பள்ளிவாசல்களும் கோயில்களும் தேவாலயங்களும் கதவைத் திறந்து வைத்தன. அந்நாட்களில் ஓர் இளைஞன் தொலைபேசியில் ஊரிலிருந்த தன் தாயிடம் பேசியதைக் கேட்டேன். "பயங்கரமா இருக்கும்மா" என்று தொடங்கியவன், அடுத்த சொல் கிடைக்காமல் தடுமாறினான். பயங்கரம் என்ற சொல்லை நேற்றுவரை அவன் பரோட்டாவுக்கும் பாட்டுக்கும் செலவழித்திருந்தான். உண்மையிலேயே பயங்கரம் வந்தபோது அவனிடம் சொல் இல்லை. "இல்லம்மா, நெசமாவே பயங்கரம்" என்று அவன் மீண்டும் சொன்னான். 'நெசமாவே' என்ற அந்த ஒட்டுச்சொல்லில்தான் அவனுடைய வறுமை முழுவதும் தெரிந்தது. தேவைப்படும் நாளில் கைகொடுக்காத சொல்லால் ஆவது என்ன?

அமலும் மாமூலும்

தேய்வினும் கொடியது சிதைவு. அதற்குத் தேநீர்க் கடையில் கேட்ட நான்காம் சொல்லே சான்று.

'அமல்' என்றால் அரபியில் செயல். நம் இல்லங்களில் "நல்ல அமல் செய்யுங்கள்" என்று பெரியோர் இன்றும் கூறுகின்றனர். அதே சொல் அரசு அலுவலகத்துக்குப் போய், "சட்டம் அமலுக்கு வந்தது" என்று ஆயிற்று. அங்கும் பழுதில்லை, சட்டம் செயலுக்கு வருவது நல்லதே. அதன் வேரிலிருந்து பிறந்ததுதான் 'மஅமூல்'. செய்யப்பட்டது, நடைமுறையில் இருப்பது என்று பொருள். வளைகுடாவிலிருந்து வரும் உறவினர் பேரீச்சம்பழம் பொதிந்த மஅமூல் என்னும் பலகாரத்தை வாங்கி வருவதுண்டு; அதுவும் இச்சொல்லே. தமிழில் அது மாமூலாகி வழக்கத்தைக் குறித்தது. பழைய நிலப் பத்திரங்களில் 'மாமூல் தடம்' என்று எழுதியிருப்பார்கள். தலைமுறை தலைமுறையாக மக்கள் நடந்து வந்த வழி; அதை எவரும் அடைக்கக் கூடாது என்று பொருள். எவ்வளவு கண்ணியமான சொல்!

இந்தச் சொல் கையூட்டைக் குறிக்கத் தொடங்கியது எப்போது? அகராதி எழுதியவர் யாரும் அதை மாற்றவில்லை, தெருப்பிள்ளைகளும் மாற்றவில்லை. கொடுப்பது வழக்கமாயிற்று, வாங்குவது வழக்கமாயிற்று. கேட்பவருக்கு லஞ்சம் என்ற சொல்லைச் சொல்ல நாக்கூசிற்று. "வழக்கமானதைக் கொடு" என்றார். கொடுப்பவருக்கும் அதுவே வசதியாயிற்று. இவ்வாறு, குற்றத்தின் பெயரை மறைக்க ஒரு நல்ல சொல்லைப் போர்வையாக்கினோம். போர்வை நாளடைவில் அழுக்கேறிற்று. இன்று அந்தச் சொல்லைக் கேட்டால் மக்கள் நடந்த வழி நினைவுக்கு வருவதில்லை. நீட்டிய கைதான் நினைவுக்கு வருகிறது.

பள்ளிவாசலில் அமல், அலுவலகத்தில் அமல், தெருமுனையில் மாமூல். மூன்றும் ஒரு வேர். முதல் இரண்டும் நேராக இருந்திருந்தால் மூன்றாவது கோணியிருக்காது. இதில் மொழிக்கு என்ன குற்றம்? சரக்கு ஆட்டோ ஓட்டுநர் அச்சொல்லைக் கெடுக்கவில்லை. அவர் கொடுத்தவர், துன்பப்பட்டவர், நடந்ததை நடந்தபடி சொன்னவர். சொல் நம் நடத்தையின் நிழல். உடல் கோணினால் நிழலும் கோணும். நிழலைத் திருத்துவோம் என்று அகராதியைத் தூக்கிக்கொண்டு ஓடுவதால் பயனில்லை.

'பேமானி' என்ற வசைக்கும் இதுவே வரலாறு. 'பே' என்றால் பாரசீகத்தில் 'இல்லாத', எஞ்சியது 'ஈமான்'. நம்பிக்கையற்றவன், நேர்மையற்றவன் என்று ஒருவனைச் சொல்வது எத்தகைய பழி! எவர் உள்ளத்தில் ஈமான் இருக்கிறதென்று அறிய மனிதனுக்கு ஏது அதிகாரம்? ஆனால், சாலையில் உரசிச் சென்ற வண்டிக்காரன் மீதும், சில்லறை தராத கடைக்காரர் மீதும் அச்சொல் வீசப்படுகிறது. பொருள் அறியாமல் வீசுபவரை மன்னிக்கலாம். பொருள் அறிந்த நம்மவர் வாயிலும் அது வருவதைக் கேட்டிருக்கிறேன்.

நம் வீட்டுச் சொல்

இதுவரை ஊர்ச் சொற்களைப் பேசினோம். நம் வீட்டுக் கதவையும் சற்றுத் திறந்து பார்க்க வேண்டாமா?

அமைதியை வேண்டும் 'ஸலாம்', தமிழ்நாட்டில் "சலாம் போட்டே பிழைக்கிறான்" என்று அடிவருடலுக்குப் பெயரானது வருந்தத்தக்கதே. அது அதிகாரத்தின் முன் வளைந்தவர்களால் வந்த மாற்றம். ஆனால், வேறொரு சொல் நம் கையாலேயே தேய்ந்துகொண்டிருக்கிறது. அதுதான் 'இன்ஷா அல்லாஹ்'.

நாளை இதைச் செய்வேன் என்று கூறுபவர், இறைவன் நாடினால் என்று சேர்த்துச் சொல்ல வேண்டும் என்ற அறிவுரை திருக்குர்ஆனின் 18ஆம் அத்தியாயமான அல்கஹ்ஃபில் இருக்கிறது. மனிதன் தன் ஆற்றலின் எல்லையை உணர்வதற்காக ஏற்பட்ட சொல் அது. "என்னால் இயன்றதையெல்லாம் செய்வேன், முடிவு அவன் கையில்" என்ற உறுதிமொழி அதில் அடங்கியிருக்கிறது. அரபியர் ஆண்ட ஸ்பெயினில், அல்லாஹ்வின் நாட்டத்தைக் குறித்த தொடர் 'ஓஹலா' என்று உருமாறி, இன்றும் அந்நாட்டுக் கிறித்தவர் வாயில் 'அப்படியே ஆகட்டும்' என்ற நல்விருப்பமாக வாழ்கிறது. பிறர் நாவில் அது விருப்பமாக நிலைத்தது. நம் நாவில் என்னவாயிற்று?

தையற்காரரிடம் துணி கேட்டால் "இன்ஷா அல்லாஹ், நாளைக்கு" என்கிறார். நாளை இல்லை என்று நமக்குப் புரிகிறது. கடன் வாங்கியவர் "இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம்" என்கிறார். கொடுத்தவர் பெருமூச்சு விடுகிறார். கூட்டத்துக்கு அழைத்தால் "இன்ஷா அல்லாஹ் வரப் பார்க்கிறேன்" என்கிறோம். அழைத்தவர் ஒரு நாற்காலியைக் குறைத்துப் போடுகிறார். மறுக்கவும் துணிவில்லை, செய்யவும் மனமில்லை. இடையில் இறைவன் பெயரை வைத்துத் தப்பித்துக்கொள்கிறோம். மாமூலுக்கு நேர்ந்தது இதற்கும் நேரத் தொடங்கிவிட்டது. நல்ல சொல்லைத் தீய நடத்தைக்குப் போர்வையாக்கும் அதே பழக்கம்தானே!

பிறரைக் குறைகூறி நான் ஒதுங்கிக்கொள்ள முடியாது. என் இளைய மகள் வண்டலூர் உயிரியல் பூங்காவுக்கு அழைத்துப் போகுமாறு பல வாரங்களாகக் கேட்டு வந்தாள். கோவிலம்பாக்கத்திலிருந்து வண்டலூர் வெகுதூரமன்று. ஆயினும் ஒவ்வொரு வாரமும் ஏதோ ஓர் அலுவல். அவள் கேட்கும்போதெல்லாம் "இன்ஷா அல்லாஹ், அடுத்த வாரம்" என்பேன். ஒரு நாள் அவள் என் முகத்தை நேராகப் பார்த்துக் கேட்டாள்: "வாப்பா, இன்ஷா அல்லாஹ்வா? இல்லை, மெய்யாகவா?"

எட்டு வயதுக் குழந்தையின் அகராதியில் அந்தச் சொல்லுக்கு எதிர்ச்சொல் 'மெய்' என்று பதிவாகியிருந்தது. அதைப் பதித்தவன் நான். தேநீர்க் கடையில் முகம் சுளித்த நண்பரும், அவருக்கு வரலாறு சொன்ன நானும், அந்த ஓட்டுநர்களைவிட எவ்வகையில் மொழிக்கு நன்மை செய்துவிட்டோம் என்று அன்று இரவு நெடுநேரம் எண்ணிக்கொண்டிருந்தேன்.

சொற்களைத் தடை செய்வதால் அவை காப்பாற்றப்படுவதில்லை. நாஸ்தா இருக்கட்டும், பேஜார் இருக்கட்டும், இளைஞர் புதுச்சொல் படைக்கட்டும். அது மொழியின் உரிமை. ஆனால், சொன்னதைச் செய்பவர் வாயில் எந்தச் சொல்லும் தேயாது. செய்யாதவர் வாயில் வேதச் சொல்லும் தேயும். மாமூலை அதன் பழைய கண்ணியத்துக்கு மீட்பது நம் தலைமுறையால் ஆகுமோ, ஆகாதோ! வீட்டுக்குள் இருக்கும் சொல்லையாவது காக்கலாமே.

மறுநாள் அவளிடம், "இன்ஷா அல்லாஹ், சனிக்கிழமை காலை 9 மணிக்கு" என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. சனிக்கிழமை போனோம், வெள்ளைப் புலியைப் பார்த்தோம், களைத்துத் திரும்பினோம். சில நாட்கள் கழித்து வேறொன்று கேட்டாள். நான் வழக்கம்போல் விடை சொன்னேன். இம்முறை அவள் "மெய்யாகவா?" என்று கேட்கவில்லை. நாட்காட்டியை எடுத்து, அந்தத் தேதியில் வட்டம் போட்டாள்.